குதிரைப் பொன்னும் கற்கொடுங்கையும்

குதிரை வாங்குவதற்கென அரசன் கொடுத்தனுப்பிய பொன்னை ஓர் அமைச்சர் கோயில் கட்டச் செலவிட்டார். அரசாங்கக் கணக்கில் அது கையாடல். அடியார் மரபில் அது திருத்தொண்டு. இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு வைகை மணலில் வெயில் காய்ந்தவரைத்தான் நாம் வாதவூரர் என்றும் மணிவாசகர் என்றும் மாணிக்கவாசகர் என்றும் போற்றுகிறோம். அவர் பாடல்களில் தோயாத கவிஞர் நம் வட்டத்தில் இலர். ஆயினும் அவரைக் கட்டடக் கலையோடு சேர்த்து எண்ணுவோர் சிலரே. வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கென எழுத அமர்ந்தபோது, நம்மூர்க் கோயிலின் கல்லையும் அவர்தம் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் விருப்பம் எழுந்தது. ஏனெனில், அவர் கட்டிய கோயில் என்று நாம் காட்டும் மண்டபங்களை அவர் கண்டதே இல்லை, கண்டிருக்க இயலாது. அவ்வாறிருந்தும் ஊரார் சொல்வதைப் பொய்யென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்வதே இக்கட்டுரை.

மதுரைக்கு வடகிழக்கே, மேலூரை அடுத்துள்ள திருவாதவூர் அவர் பிறந்த ஊர். சங்கப் புலவர் கபிலரின் ஊரும் அதுவே என்பது மரபாதலின், அச்சிற்றூர் தமிழுக்கு இருமுறை வழங்கியதாகிறது. தந்தையார் சம்புபாதாசிரியர், தாயார் சிவஞானவதி என்று புராணம் கூறும். அமாத்திய அந்தணர் குலம். அதாவது அரசர்க்கு அமைச்சுரிமை பூண்ட குடும்பம். இளமையிலேயே கலைகள் பல கற்றுத் தேர்ந்த அவரைப் பாண்டியன் அழைத்துத் தன் அவையில் முதன்மை தந்து, தென்னவன் பிரமராயன் என்னும் பட்டமும் அளித்தான். பிரமராயன் என்பது புராணம் படைத்த பெயரன்று. அரசியல் பதவி வகித்த அந்தணர்க்கு அப்பட்டம் வழங்கியதைப் பாண்டிய, சோழக் கல்வெட்டுகளில் காண்கிறோம். ஆகவே கதையின் இப்பகுதியேனும் உண்மையான அரசவை ஒன்றின் வழக்கத்தை அறிந்தவர்களால் சொல்லப்பட்டது எனலாம்.

அரசன் பெயரை அரிமர்த்தனன் என்று பரஞ்சோதி முனிவரும், திருவாதவூரடிகள் புராணம் இயற்றிய கடவுள் மாமுனிவரும் குறிக்கின்றனர். அவனுடைய குதிரைப் படை குன்றியது. கீழைக் கடற்றுறையில் நல்ல குதிரைகள் வந்து இறங்கியிருப்பதாகச் செய்தி வர, கருவூலத்தைத் திறந்து பெரும் பொன்னை எடுத்து அமைச்சரிடம் ஒப்படைத்தான். பரிவாரத்தோடு அவர் புறப்பட்டார்.

இவ்விடத்தில் சற்று நிற்கலாம். குதிரை இந்நாட்டில் செழிக்கும் விலங்கன்று. பாண்டிய நாடு அதனைக் கடல்கடந்தே வாங்கியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட வெனிசு நாட்டு மார்க்கோ போலோ, அராபியக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் இங்கு இறக்கப்பட்டதையும், வளர்க்கும் முறை தெரியாமையால் அவற்றுட் பெரும்பாலானவை அடுத்த ஆண்டைக் காணாமல் மாண்டதையும் எழுதி வைத்திருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வாசாபும் இதையொட்டியே எழுதுகிறார். அவை மணிவாசகருக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்ட செய்திகள்தாம். எனினும் ஒன்று நோக்கத்தக்கது. காலையில் கொட்டிலில் கட்டிய குதிரைகள் மறுநாள் இல்லாமற் போயின என்னும் கதை, கருவூலப் பொன்னை ஆண்டுதோறும் கடலில் கொட்டியது போன்ற அனுபவம் உடைய ஒரு நாட்டில் பிறந்தது. அந்தப் பொன் கோயிலுக்குப் போகாதிருந்தால் எங்குப் போயிருக்கும் என்று கேட்பதில் பிழையில்லை. அரசனை மட்டும் அறிவிலியாகவும் அமைச்சரை மட்டும் ஞானியாகவும் காட்டி முடித்துவிடும் சொற்பொழிவுகளில் இந்தக் கேள்வி எழுவதில்லை.

அமைச்சர் வந்து சேர்ந்த ஊர் திருப்பெருந்துறை. இன்றைய ஆவுடையார்கோவில் அதுவே என்பது நம் மரபு. வெள்ளாற்றை ஒட்டிய ஊர். கிழக்கே சிறிது தொலைவில் மணமேற்குடிக் கடல். துறை என்னும் பெயருக்கு இந்த அண்மையே பொருத்தமாகத் தோன்றுகிறது. அங்கே ஒரு குருந்த மரத்தடியில், அடியார் சூழ, கையில் ஏட்டுடன் ஒரு குரு வீற்றிருந்தார். மற்றவை நாம் அறிந்தவை. அமைச்சர் அடிபணிந்தார், ஆட்பட்டார், வந்த வேலையை மறந்தார்.

குருவின் கையிலிருந்த ஏடு எது என்பதற்குப் புராணம் தரும் விடை சிவஞானபோதம். மெய்கண்டாரின் சிவஞானபோதமோ 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மணிவாசகரை எந்த நூற்றாண்டில் வைத்தாலும் அந்த ஏடு அங்கே இருந்திருக்க முடியாது. இதைச் சுட்டிப் புராணத்தை எள்ளுவது எளிது. எனக்குப் படுவது வேறு. பழைய கருவறையைச் சுற்றிப் பின்வந்த அரசர்கள் மண்டபமும் மதிலும் எழுப்புவதுபோல, பழைய வாழ்க்கை ஒன்றைச் சுற்றிப் பின்வந்த அடியார்கள் தங்கள் காலத்துக் கல்லைக் கொண்டு கட்டியிருக்கிறார்கள். எந்தக் கல் எப்போது வந்தது என்று பிரித்தறிவது ஆராய்ச்சியாளர் கடமை. பிரித்தபின் கட்டடத்தை இடித்துவிட வேண்டும் என்பது கடமையாகாது.

பொன் முழுவதும் கோயிலுக்கும் அடியார்க்கும் செலவாயிற்று. அரசனிடமிருந்து ஓலை வந்தது. ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் என்று விடை சென்றது. அன்றே இறைவன் குதிரை வணிகனாய் முன்வர, நரிகள் பரிகளாய் மதுரை புகுந்தன. இரவில் அவை மீண்டும் நரிகளாகிப் பழைய குதிரைகளையும் குதறிவிட்டு ஓடின. அமைச்சர் சுடுமணலில் நிறுத்தப்பட்டார். வைகை பெருகிக் கரையை உடைத்தது. பரஞ்சோதியாரின் திருவிளையாடலில் இவை 58 முதல் 61 வரையுள்ள படலங்கள். ஊருக்கு ஊர் கதை சொல்வோர் நரியையும் பரியையும் விரிக்கும் அளவுக்கு நான் விரிக்கப் போவதில்லை. வந்தி என்னும் மூதாட்டியிடம்தான் என் கவனம் செல்கிறது.

வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வரவேண்டும் என்பது அரசாணை. ஆளில்லாத கிழவி வந்தி; பிட்டு அவித்து விற்றுப் பிழைப்பவள். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு அவளுக்காக மண் சுமக்க வந்த இளைஞன் வேலை செய்யாமல் ஆடிப் பாடித் திரிந்தான். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அடித்தவன் முதுகிலும் பட்டது. எல்லா உயிரின் முதுகிலும் பட்டது. அமைச்சர் குற்றவாளியா அல்லரா என்னும் வழக்கு அத்துடன் தீர்ப்பின்றியே முடிந்துவிடுகிறது. பொன்னுக்குக் கணக்குக் கேட்ட அரசனும், கணக்குக் காட்ட முடியாத அமைச்சரும், கணக்கே இல்லாத உதிர்பிட்டில் வந்து நிற்கிறார்கள். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகிறது.

இவற்றுள் எவ்வளவு மணிவாசகரின் சொந்த வாக்கில் உள்ளது? திருவாசகத்தில் இறைவன் குதிரை வீரனாய் வந்ததும், நரியைப் பரியாக்கியதும், பிட்டுக்கு மண் சுமந்து அடிபட்டதும் பலவிடங்களில் பேசப்படுகின்றன. பெருந்துறையும் குருவடிவமும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆனால், அமைச்சராயிருந்து அரசன் பொன்னால் இக்கோயிலை எழுப்பினேன் என்று அவர் வெளிப்படப் பாடியதாக இல்லை. அவர் பாடுவது தாம் கட்டியதை அன்று, தாம் கட்டுண்டதை. நரியைக் குதிரையாக்கிய செய்தி அப்பரின் தேவாரத்திலும் இருப்பதால், மணிவாசகர் மூவர்க்கு முற்பட்டவர் என்று ஒரு சாராரும், அக்கதை அவர்க்கு முன்பே மக்களிடை வழங்கியது என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். மறைமலையடிகள் அவரை மூன்றாம் நூற்றாண்டினராக நிறுவ முயன்று பெருநூல் ஒன்று எழுதினார். திருக்கோவையாரில் வரகுண பாண்டியன் பெயர் இரண்டிடங்களில் வருவதைக் கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரே இன்று மிகுதி. சுந்தரரின் திருத்தொண்டத்தொகையிலும் அதன் வழிவந்த பெரியபுராணத்திலும் அவர் பெயர் சொல்லி இடம்பெறாதது இக்கொள்கைக்கு வலுவூட்டுகிறது. நானும் அப்பக்கமே நிற்கிறேன்.

ஒன்பதாம் நூற்றாண்டு எனக் கொண்டால் நம் கோயில் மண்டபங்கள் அவர் கட்டியவை ஆகா. பெருந்தூண்களில் வெளிப்பட நிற்கும் வீரபத்திரர், ஊர்த்துவ தாண்டவர், காளி, குறவன், குறத்தி ஆகிய உருவங்களின் அமைதி விசயநகர, நாயக்கர் காலத்தது. அவருக்கும் இவற்றுக்கும் இடையே ஏழெட்டு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அவர் எழுப்பியது எத்தகையது என்று காட்ட நமக்குக் கல் ஒன்றும் மிஞ்சவில்லை.

மிஞ்சியிருப்பது ஓர் அமைப்பு. சிவாலயம் என்றால் எதிர்பார்க்கும் பொருள்கள் பல இங்கில்லை. கருவறையில் இலிங்கத்தின் பாணம் இல்லை. அதனைத் தாங்கும் ஆவுடையார் மட்டுமே உண்டு. ஊர்ப் பெயரும் அதனாலேயே வந்தது. நந்தி இல்லை, கொடிமரம் இல்லை, பலிபீடம் இல்லை. சன்னிதி தெற்கு நோக்கியது. குருவாய் அமர்ந்தவன் பார்க்கும் திசை அது. இறைவன் பெயர் ஆத்மநாதர். உயிருக்கு ஏது உருவம்? அம்மை யோகாம்பிகைக்கும் திருவுருவம் இல்லை. திருவடிச் சுவடு மட்டுமே; அதனையும் கற்பலகணி ஒன்றின் கண்கள் வழியே நோக்கித் தொழ வேண்டும். உருவமில்லாத ஒன்றைப் பார்ப்பதற்குக் கல்லில் துளையிட்டு ஒரு சாளரம்! அந்தப் பலகணியின் முன் நிற்கும் ஒவ்வொரு முறையும், அழகிய கம்பி வேலைப்பாடு உள்ள சாளரத்தின் பயன் உள்ளிருப்பதை மறைப்பதா, காட்டுவதா என்னும் ஐயம் எனக்கு எழும்.

இத்தகைய கோயிலில்தான் கல்தச்சர்கள் தங்கள் கைவண்ணத்தை அளவின்றிக் கொட்டியிருக்கிறார்கள். கருவறை வெறுமை, மண்டபங்கள் நிறைவு. அந்நிறைவின் உச்சம் கொடுங்கை.

மண்டபத்தின் விளிம்பில் தூண்களுக்கு வெளியே நீண்டு, வளைந்து இறங்கி, மழையையும் வெயிலையும் தடுக்கும் கற்கூரையே கொடுங்கை. வடநூலார் கபோதம் என்பர். எல்லாக் கோயிலிலும் அது உண்டு. நம் கோயிற் கொடுங்கையின் தனிச்சிறப்பை அறிய, வெளியில் நின்று பார்த்தால் போதாது. அதன் அடியில் நின்று கழுத்தை மேலே வளைக்க வேண்டும். அங்கே கைமரங்கள் வரிசையாக இறங்குகின்றன. சில உருண்டை, சில சதுரம். அவற்றின் குறுக்கே சட்டங்கள் ஓடுகின்றன. சட்டமும் கைமரமும் கூடுமிடத்தில் இரும்பாணிகள் அறையப்பட்டு, அவற்றின் குமிழ்கள் புடைத்து நிற்கின்றன. மரவேலையில் தேர்ந்த ஒருவர் வீட்டுக் கூரை வேய்ந்து ஆணியடித்து முடித்ததைப் போன்றே இருக்கிறது. ஆனால் மரமும் இல்லை, இரும்பும் இல்லை. கைமரம், சட்டம், ஆணி, குமிழ் எல்லாம் கருங்கல். கற்பலகையின் அடிப்பக்கத்தைக் குடைந்து, வேண்டாதவற்றை நீக்கி, ஆணியின் தலையை மட்டும் எஞ்ச விட்டிருக்கிறார்கள். ஓர் ஆணித்தலை உடைந்திருந்தால் மறுபடி அடித்துக்கொள்ள முடியாது; கல் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லக் கல் மெலிந்துகொண்டே போகிறது. இது கல்தானா என்று ஐயுற்ற வெள்ளையர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார் என்றும், அத்துளை இன்னும் இருக்கிறது என்றும் ஊரில் சொல்வர். ஆவுடையார்கோவில் கொடுங்கையும் திருவலஞ்சுழிப் பலகணியும் போன்ற வேலை நீங்கலாக, எதனையும் செய்து தருவதாகப் பழைய சிற்பிகள் ஒப்பந்தம் எழுதினர் என்பது தச்சர் மரபில் வழங்கும் செய்தி.

நம்மூரிலிருந்து மேற்கே ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் செட்டிநாட்டு ஊர்கள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் நகரத்தார் அங்கு எழுப்பிய வீடுகளைப் பாருங்கள். முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடிபோல் இழைத்த சுவர். முகப்பில் சுதையாற் செய்த திருமகள். பருமாத் தேக்கின் தூண். கப்பலேறி வந்த வார்ப்பிரும்புக் கிராதி. ஒரே கூரையின்கீழ் மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி, ஒரு வாயில். அங்கே இரும்பு இரும்பாகவே இருக்கிறது; செல்வம் தன்னை மறைக்கவில்லை. இங்கே கல் தன்னைக் கல்லென்று சொல்லிக்கொள்ளாமல், ஏழை வீட்டுக் கூரையின் மரமாகவும் ஆணியாகவும் வேடமிட்டு நிற்கிறது. இரண்டுமே அழகுதாம். ஆனால், எந்த அழகின் அடியில் நின்றால் வீட்டு நினைவு வருகிறது என்று கேட்டால், எனக்கு ஐயமில்லை.

மரத்தைக் கல்லில் நினைவூட்டுவது புதிதன்று. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுத் திரௌபதி இரதம் ஓலைக் குடிசையின் வடிவம். மராட்டிய நாட்டுக் கார்லேக் குடைவரையில் கல்வளைவின் அடியில் மர வளைவுகளையே பொருத்தினர் பௌத்தர். கிரேக்கக் கோயில்களின் விளிம்பில் வரும் கற்பட்டைகள் பழைய மர உத்தரங்களின் முனைகளே என்று உரோமானியக் கட்டடவியலார் விட்ரூவியசு கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதினார். மனிதன் முதலில் இருந்த வீடு மரமும் ஓலையும். கடவுளுக்கு வீடு கட்டும்போது கல்லை எடுத்தான். எடுத்தபின்னும் பழைய வீட்டை மறக்கவில்லை. நம்மூர்த் தச்சர்கள் அந்த நினைவை ஆணித்தலை வரைக்கும் கொண்டுபோனார்கள்.

இனித் திருவாசகத்தைத் திறந்து பார்ப்போம். ஐம்பத்தொரு பகுதிகள். அவற்றுள் அம்மானை உண்டு; மகளிர் காய்களை மேலே எறிந்து பிடித்து ஆடும் ஆட்டம். பொற்சுண்ணம் உண்டு, உரலில் வாசனைப் பொடி இடிக்கும் பாட்டு. ஊசல் உண்டு, சாழல் உண்டு, உந்தி உண்டு, தெள்ளேணம், தோணோக்கம், பூக்கொய்யும் பூவல்லி எல்லாம் உண்டு. மார்கழி நீராடப் பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பும் எம்பாவை உண்டு. இவற்றை அவர் புதிதாகப் படைத்தார் என்று சொல்ல முடியாது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையிலேயே அம்மானையும் பந்தும் ஊசலும் வள்ளைப்பாட்டும் வந்துவிட்டன. முற்றத்திலும் திண்ணையிலும் உரலடியிலும் யாரும் எழுதி வைக்காமல் காற்றில் போன பாட்டுகளின் வடிவம் இது. பதிகமும் விருத்தமும் கைவந்த ஒரு புலவர், வடமொழி மறைகளை அறிந்த ஓர் அமைச்சர், அந்த வடிவத்தின் ஆணித்தலை ஒன்றுகூடச் சிதையாமல் சைவத்தின் கருங்கல்லில் எடுத்து வைத்தார். இடிக்கும் பெண்ணின் மூச்சுத் தாளம் அப்படியே இருக்கிறது. இடிபடும் பொருள் மட்டும் மாறிவிட்டது.

கொடுங்கையைச் செதுக்கிய சிற்பி திருவாசகம் ஓதியவரா என்பது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி. இரண்டிலும் வேலை செய்யும் முறை ஒன்று. எளிய வீட்டுப் பொருளை அழியாத ஊடகத்தில் வைப்பது. வைக்கும்போது அதன் எளிமையைத் திருத்தாமல் விடுவது. அமைச்சர் கட்டினார் என்று ஊர் சொல்லும்போது நூற்றாண்டுக் கணக்குப் பிழைக்கிறது, கைக்கணக்குப் பிழைக்கவில்லை. நம் வட்டத்தில் புதுக்கவிதை எழுதுவோர் சிலர் நாட்டுப்புறச் சொல்லைக் கையாளும்போது அதற்கு உடனே இலக்கண ஆடை உடுத்திவிடுகிறார்கள். அவர்கள் ஒருநாள் கொடுங்கையின் அடியில் நின்று பார்க்கலாம். மரத்தின் கணுவையும் கல்தச்சன் விடவில்லை.

பாண்டியனிடம் விடைபெற்ற வாதவூரர் மீண்டும் பெருந்துறை வந்தார். குரு தம் அடியாரை அழைத்துக்கொண்டு மறைந்தார். இவரை மட்டும் விட்டுச் சென்றார். இந்தத் தனிமையே திருவாசகத்தின் ஊற்றுக்கண். பெருந்துறையில் பாடியவையாக மரபு குறிக்கும் பகுதிகள் ஏறத்தாழ இருபது. சிவபுராணம், திருச்சதகம், திருப்பள்ளியெழுச்சி ஆகியவை அவற்றுள் அடங்கும். பின்னர் உத்தரகோசமங்கையில் தம்மைக் கைவிட வேண்டாமென இரந்து நின்றார். திருவண்ணாமலையில் மார்கழி மகளிரைக் கண்டு எம்பாவை பாடினார். அந்தத் திருவெம்பாவை கடல்கடந்து சயாம் நாட்டு அரண்மனைப் பிராமணரின் சடங்கிலும் இடம்பெற்றது. சொல்லின் பொருள் மறந்தும் ஓசை மட்டும் அங்கு வாழ்ந்தது.

இறுதியில் தில்லை. ஈழத்துப் பௌத்தர் வாதுக்கு வந்தனர். அவர்களுடன் வந்த ஈழ மன்னனின் ஊமைப் பெண்ணைப் பேசவைத்து, பௌத்தரின் வினாக்களுக்கு அவள் வாயாலேயே விடை கூறச் செய்தார் என்பது வரலாறு. அவ்விடையே திருச்சாழல். பேராசிரியர் பேசுவதைவிடப் பேச வாராத ஒரு பெண் பேசுவது வலிது என்பதை அறிந்து வைத்திருந்த வாதி அவர்! அதன்பின் ஒரு முதிய அந்தணர் வந்து, பாடியவற்றையெல்லாம் மீண்டும் சொல்லக் கேட்டு ஏட்டில் எழுதினார். ஒரு கோவையும் பாடக் கேட்டு அதையும் எழுதினார். நானூறு பாடல்களுடைய திருக்கோவையார் அவ்வாறு பிறந்தது. மறுநாள் அவ்வேடு சிற்றம்பலத்துப் படியில் இருந்தது. இறுதியில் எழுதியவர் கையொப்பமும் இருந்தது. தில்லைவாழந்தணர் பொருள் கேட்டபோது அவர் கூத்தனைக் காட்டினார், அங்கேயே கலந்தார். ஆனி மகம் அந்நாள். முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்தார் என்பர். எட்டாம் திருமுறையாக அவ்விரு நூல்களும் வைக்கப்பெற்றன. ஆயிரம் ஆண்டு கழித்து, 1900ஆம் ஆண்டில், தமது எண்பதாம் அகவையில் ஜி.யு. போப் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து ஆக்சுபோர்டில் வெளியிட்டார்.

நம்மூர்க் கோயில் பிற்காலத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆட்சிக்குள் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இங்கு வந்து தங்கித் திருப்பெருந்துறைப் புராணம் பாடி அரங்கேற்றினார். உடன் வந்த இளம் மாணாக்கர் சாமிநாதையர் அந்நாட்களைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்தார். கல்லைப் பற்றிச் சொல்லும் சொல்லும், சொல்லைப் பற்றிச் சொல்லும் கல்லும் இவ்வூரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே வந்திருக்கின்றன. மண்டபத் தூண் ஒன்றில் குதிரைமீது இறைவன் வருகிறான். விலங்கின் சேணமும் கடிவாளமும் குதிரையைப் பழகி அறிந்தவன் செதுக்கியவை. உள்ளே நரி இருப்பதற்கு அறிகுறி ஒன்றும் அதில் இல்லை. சிற்பி கதையை வெளியிட்டுவிடவில்லை.

பூசையின்போது கவனித்தால் மற்றொன்றும் புலனாகும். இங்கே நிவேதனம் புழுங்கலரிசிச் சோறு. அதனுடன் கீரையும் பாகற்காயும். வடித்த சோற்றைப் பெரிய கற்பலகையில் ஆவி பறக்கக் கொட்டுகிறார்கள். உருவமற்றவனுக்கு அந்த ஆவியே உணவு. பாணமில்லாத ஆவுடையார்க்கு வீதியுலா எழுந்தருளும் திருமேனி இல்லை. ஆதலின் ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும், கொடுங்கையின் நிழலைக் கடந்து வாத்தியம் முழங்க வெளியே வருபவர், பொன்னுக்குக் கணக்குக் காட்டாத அந்த அமைச்சரே.